கடல் இல்லாத ஊரில் ஸ்கூபா வழியாக அறிவியல்: முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்கூபா டைவிங்கை (முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டித் தண்ணீருக்கடியில் மூச்சுவிட்டு நீந்துவது) வைத்து இயற்பியல் சொல்லித்தர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அறிவியல் ஆசிரியன். நான்கு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: கடலில் தொடங்கிப் பாடத்துக்கு வரப் பார்க்கிறார்கள். வரிசை நேர்மாறானது. வகுப்பறை, வாளி, நீச்சல் குளம், எல்லாவற்றுக்கும் கடைசியில் கடல். பணம் போதாவிட்டால் கடலை விட்டுவிடலாம். வாளியை விட முடியாது.

1. முதலில் கேள்வி, பிறகு தண்ணீர்

முதல் ஆண்டில் பிள்ளைகளை நேராகக் குளத்துக்குக் கூட்டிப் போனோம். ஆனந்தமாக இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, "அழுத்தம் என்றால் என்ன?" என்று கேட்டேன். "ஓரலகு பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசை" என்று மனப்பாட விடை வந்தது. காதில் வலித்ததற்கும் அந்த வரிக்கும் தொடர்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. தவறு எங்களுடையது.

இப்போது தண்ணீரில் இறங்கும் முன்பே ஐந்து கேள்விகளைக் கொடுத்துவிடுகிறோம். காற்றுக்கு எடை உண்டா, உண்டென்றால் ஒரு சிலிண்டரில் எத்தனை கிலோ? வாய் கீழாகக் கவிழ்த்த ஒரு லிட்டர் பாட்டிலைக் குளத்தின் அடிக்குக் கொண்டு போனால் உள்ளே எவ்வளவு தண்ணீர் ஏறும்? தண்ணீருக்கடியில் நான்கு சாண் தள்ளி உள்ள ஒரு ரூபாய் நாணயம் எவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும்? கண்ணை மூடிக்கொண்டால் சத்தம் வரும் திசையைச் சொல்ல முடியுமா? ஒரு சிலிண்டர் உனக்கு எத்தனை நிமிடம் வரும்?

ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும். எண் கேட்ட இடத்தில் எண்ணாகவே எழுத வேண்டும். பேனாவால். பென்சிலில் எழுதச் சொன்னால், வெளியே வந்ததும் அழித்துவிட்டுச் சரியான விடையை எழுதிவிடுவார்கள். மதிப்பெண் பழக்கம் அது. தவறான ஊகம் நோட்டில் அப்படியே கிடந்தால்தான், ஏன் தவறியது என்று பேச இடம் கிடைக்கும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பயிற்றுநர்: சர்வதேச டைவிங் அமைப்பு ஒன்றின் செல்லுபடியாகும் சான்றிதழ் உள்ளவர் வேண்டும். "நன்றாக நீந்துவார்" என்பது தகுதி ஆகாது. நீச்சல் குளத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர் என்பது எங்கள் கணக்கு. அறிவியல் ஆசிரியர் தனி. ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்த்தால் பாதுகாப்பு, பாடம் இரண்டும் கெடும்.

இடம்: அளந்து தெரிந்த ஆழமும், அடி தெளிவாகத் தெரியும் தண்ணீரும் உள்ள நீச்சல் குளம். "எங்கள் தோட்டத்துக் கிணறு இருக்கிறதுங்க" என்று யாராவது அன்போடு முன்வருவார்கள். வேண்டாம். நம் பக்கத்துக் கிணறுகள் ஆழம், தண்ணீர் கலங்கல், பம்ப்செட் மோட்டாரில் மின்கசிவு இருந்தால் தெரியாது, அவசரத்தில் ஏறிவர ஒற்றைப் படிக்கட்டு. பாறைக்குழிகளும் அப்படித்தான். அணைகளைப் பற்றிப் பேச்சே வேண்டாம்; அமராவதி அணையில் முதலைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

உடல்நலம்: ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, செவிப்பறையில் ஓட்டை, காதில் சீழ் ஆகியவற்றை மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்கள் பிள்ளைகளில் அதிகம் பேர் நிறுத்தப்படுவது காதில் சீழ் காரணமாகத்தான். பல வீடுகளில் அதை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. இந்தச் சோதனையால் நான்கு பேருக்குக் காது சிகிச்சை தொடங்கியது. நாங்கள் எதிர்பாராத பலன் அது.

தண்ணீரில் இறங்க முடியாத பிள்ளைக்கு ஆறுதல் பரிசாக ஏதாவது வேலை கொடுக்காதீர்கள். முதல் நாளே எல்லோரையும் கரைக்குழு, நீர்க்குழு என்று பிரித்துவிடுங்கள். கடிகாரம், தராசு, நோட்டு எல்லாம் கரைக்குழுவின் பொறுப்பு. இறங்கக்கூடியவர்களும் முறை வைத்துக் கரையில் நிற்க வேண்டும். அப்போது யார் ஏன் கரையில் நிற்கிறார்கள் என்பது யார் கண்ணையும் உறுத்தாது.

உடை: நனைந்த பருத்தி கனக்கும். பாலியஸ்டர் லைக்ரா துணியில் முழுக்கை டீ ஷர்ட்டும் லெக்கின்ஸும் போதும். திருப்பூரில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு நியாயமான விலைக்குக் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் வாங்குங்கள்; பெண் பிள்ளைகளின் கூச்சமும் குறையும், வீட்டில் கேள்வியும் குறையும். மாதவிலக்கு பற்றிப் பேச ஓர் ஆசிரியை உடன் இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்து வரக்கூடாது என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். எண்ணெய்த் தலையில் டைவிங் கண்ணாடியான மாஸ்க்கின் பட்டை வழுக்கும். நெற்றி முடி ஓரத்தில் ஓர் இழை சிக்கினாலும் தண்ணீர் கசியும்.

அனுமதி: பெற்றோர் ஒப்புதல், தலைமை ஆசிரியர் கடிதம், வெளியூர்ப் பயணமானால் கல்வி அலுவலகத்தின் அனுமதி, காப்பீடு. எதையும் வாய்மொழியாக விடாதீர்கள்.

3. பெற்றோரைக் குளக்கரைக்கு வரச் சொல்லுங்கள்

இதைத் தனிப் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் தண்ணீர் என்றால் பயம். தெருவில் ஒரு வீட்டிலாவது கிணற்றிலோ வாய்க்காலிலோ போன பிள்ளையின் நினைவு இருக்கும். இன்னொன்றும் உண்டு. கொங்கு கிராமங்களில் முதுகில் சுரைக்குடுவை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் ஏராளம். ஆனால் எந்தக் கிணற்றில் யார் இறங்கலாம் என்பதில் சாதி இருந்தது. இறங்க விடாத தாத்தாவின் பேத்திக்கு நீச்சல் தெரியாததில் வியப்பு என்ன?

ஆகவே விளக்கக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவியான ரெகுலேட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்து, வாயில் வைத்து மூச்சுவிடச் சொல்லுங்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்துக் கூட்டம் வையுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர்கள் வேலை இல்லாதவர்கள் மட்டுமே.

ஒரு பெண்ணின் அமுச்சி நாலு மூச்சு இழுத்துவிட்டு, "தொண்டை வறண்டு போகிறதே, கண்ணு" என்றார். எங்கள் பயிற்றுநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேத்தி சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டாள். சிலிண்டரில் காற்றை அடைக்கும்போது ஈரத்தை நீக்கிவிடுவார்கள். ஈரம் இருந்தால் உள்ளே துரு பிடிக்கும். அந்த ஆண்டு எங்கள் பட்டியலில் ஆறாவது கேள்வி அமுச்சியுடையது.

4. வகுப்பறையில் இரண்டு வாரம்

இந்த இரண்டு வாரத்தைச் சுருக்க வேண்டும் என்று தோன்றும். சுருக்காதீர்கள். தண்ணீருக்குள் பேச முடியாது. பேச வேண்டியதையெல்லாம் இங்கேயே பேசிவிட வேண்டும்.

முதலில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச். முனையை விரலால் அடைத்து அழுத்தினால் உள்ளே உள்ள காற்று சுருங்கும், விட்டால் விரியும். அழுத்தம் கூடினால் காற்றின் கனஅளவு குறையும் என்று சொல்லும் பாயில் விதி பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. பெயர் பிறகு வரட்டும், விரல் இப்போதே அறியட்டும்.

அடுத்து முட்டை. கோவை வீடுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாய் இருப்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்குமா என்று கேளுங்கள். பாதிப் பேர் மிதக்கும் என்பார்கள். மிதக்காது, அந்த உப்பு போதாது. சமையல் உப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கி, எத்தனையாவது கரண்டியில் எழும்புகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பின் பாய்மங்கள் பாடத்தில் உள்ள அடர்த்தியும் மிதப்பு விசையும் இந்த ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும்.

கடைசியாகச் சைகைகள். கட்டைவிரலை உயர்த்துவது நமக்கு "பிரமாதம்". டைவிங்கில் அதற்கு "மேலே போக வேண்டும்" என்று பொருள். நலமாக இருக்கிறேன் என்றால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். இதை வகுப்பறையில் நூறு முறை பழக்காவிட்டால், சந்தோஷமாக இருக்கும் பிள்ளையைப் பயிற்றுநர் மேலே கொண்டுவந்து விடுவார். திருப்பூர்ப் பள்ளிகளில் ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் புதிதாகக் கற்கும் மொழி சைகை மட்டுமே என்பதால், அந்த வகுப்பில் அவர்கள் பின்தங்குவதில்லை.

5. காற்றை எடை போடுதல்

சிலிண்டர் வந்ததும் முதலில் ஒரு சொல்லைத் திருத்துங்கள். எல்லோரும் "ஆக்சிஜன் சிலிண்டர்" என்பார்கள், செய்தித்தாளும் அப்படித்தான் எழுதும். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான்: 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். தூய ஆக்சிஜனோடு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கலாம்.

அடுத்த எச்சரிக்கை நம் ஊருக்கென்றே உள்ளது. இங்கே கம்ப்ரசர் இல்லாத பட்டறை இல்லை. "நான் காற்று அடைத்துத் தருகிறேன்" என்று சொல்லும் நல்ல மனிதர்களுக்கும் பஞ்சமில்லை. பட்டறைக் கம்ப்ரசர் தருவது பொதுவாக எட்டுப் பத்து பார் அழுத்தம் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). டைவிங் சிலிண்டருக்கு வேண்டியது 200 பார். அதைவிட முக்கியம், பட்டறைக் காற்றில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கலாம். டயருக்கு அது போதும், நுரையீரலுக்கு ஆகாது. சுவாசக் காற்றுக்கென்று வடிகட்டி உள்ள கம்ப்ரசரில்தான் நிரப்ப வேண்டும்.

இப்போது சோதனை. ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் சிலிண்டரை வைத்து எடையைக் குறியுங்கள். பயிற்சி முடிந்து அழுத்தம் 50 பாராக இறங்கியதும் துடைத்து, மீண்டும் நிறுங்கள். ஈரத்தைத் துடைக்க மறக்காதீர்கள்; நாங்கள் ஒருமுறை மறந்து கணக்கு உதைத்தது.

"ஏனுங்க சார், காற்றுக்கு எடை உண்டுங்களா?" என்று ஒரு பையன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் நோட்டில் எழுதியிருந்த எண் பூஜ்யம். தராசு முள் ஏறத்தாழ இரண்டு கிலோ குறைவாகக் காட்டியது. போய்விட்ட காற்று 1,650 லிட்டர். ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம். அவனே பெருக்கிப் பார்த்தான். பிறகு தராசைத் தட்டிப் பார்த்தான். தராசைச் சந்தேகிப்பதும் அறிவியல்தான். இன்னொரு தராசைக் கொண்டுவந்து கொடுங்கள்.

6. குளத்தில் முதல் நாள்: மூச்சு மட்டும்

முதல் நாள் சோதனை எதுவும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் முழங்காலிட்டு, முகத்தை மட்டும் நனைத்து, ரெகுலேட்டரில் மூச்சுவிடப் பழகுவது ஒன்றே வேலை. ஆசையோடு வருகிறவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள்.

காலை உணவை நீங்களே கொடுங்கள். பலர் வெறும் வயிற்றோடு வருவார்கள், சாப்பிட்டேன் என்றும் சொல்வார்கள். எட்டு மணிக்கு இட்லி, பத்து மணிக்குத் தண்ணீர்.

மீற முடியாத விதி ஒன்று: மூச்சை அடக்கக்கூடாது. நீச்சல் பழகிய பிள்ளைதான் இதில் முதலில் தவறும். தண்ணீர் என்றாலே மூச்சைப் பிடித்துப் பழகியிருக்கும். சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே உள்ள காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். அதற்கு நாலடி ஆழமே போதும். நீச்சல் குளம்தானே என்று இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். சிரிஞ்சை மறுபடி எடுத்துக் காட்டுங்கள். அன்றைக்கு விளையாட்டாகத் தெரிந்தது இன்று விளங்கும்.

அடுத்தது காது. அரை மீட்டருக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையில் உள்ள குழல் திறந்து, செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகும். வலி வந்த பிறகு ஊதுவது தாமதம். வலித்தால் சற்று மேலே ஏறிப் பிறகு ஊத வேண்டும். நீச்சல் கண்ணாடி இதற்கு உதவாது. மாஸ்க் மூக்கையும் மூடுவது ஏன் என்று கேளுங்கள், யாராவது ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார்.

சளி உள்ளவர் இறங்கக்கூடாது. ஆனால் முறை போய்விடும் என்ற பயத்தில் பிள்ளைகள் சளியை மறைப்பார்கள். "சளி என்று சொன்னால் அடுத்த வாரம் உனக்குத்தான் முதல் முறை" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்தோம். மறைப்பது பெரும்பாலும் நின்றது.

தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் வெப்பத்தை இழுக்கும். ஒல்லிப் பிள்ளைகள் இருபது நிமிடத்தில் நடுங்கத் தொடங்குவார்கள். உதடு நீலமாகும்வரை காத்திருக்காதீர்கள்.

7. குளத்தில் சோதனைகள்: ஒரு நாளைக்கு ஒன்று

பாட்டில். அடிப்பாகம் தட்டையான, கெட்டியான ஒரு லிட்டர் பாட்டிலை மூடியின்றிக் கவிழ்த்து, இரண்டு கிலோ ஈயக்கட்டியைக் கட்டிக் கீழே கொண்டு போகச் சொல்லுங்கள். ஈயம் இல்லாமல் ஒருமுறை முயலட்டும். மேலே தள்ளும் விசையைக் கை உணரும். அடியில் தண்ணீர் ஏறி நிற்கும் மட்டத்துக்கு ஒரு ரப்பர் பாண்டை நகர்த்த வேண்டும். மேலே வந்து பாட்டிலை நிமிர்த்தி, ரப்பர் பாண்ட்வரை தண்ணீர் ஊற்றி அளந்தால் அதுதான் அடியில் இருந்த காற்றின் கனஅளவு. மூன்று மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 770 மில்லி வரும். ஆறடிக் குளமானால் 845 மில்லிக்குப் பக்கத்தில். பத்து மீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் என்பதைப் பிள்ளைகளே இந்த எண்ணிலிருந்து கணக்கிட்டு எடுப்பார்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் விடை புத்தகக் கணக்கிலிருந்து சற்று விலகும். அந்தச் சிறு விலகலைத் துரத்துகிற பிள்ளை எல்லாத் தொகுதியிலும் ஒன்று இருக்கும்.

நாணயம். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது ஒளிவிலகலால் நான்கு சாண் தூரத்தில் உள்ளது மூன்று சாணில் இருப்பதாகத் தோன்றும், பெரிதாகவும் தெரியும். எடுக்கப் போகும் கை எட்டாமல் வெறும் தண்ணீரைப் பிடிக்கும். இதில் விளக்கம் அதிகம் வேண்டாம். அந்த ஒரு வெறுங்கைப் பிடி போதும்.

சத்தம். கண்ணை மூடியிருக்கும் பிள்ளைக்குப் பின்னால் ஒருவர் சிலிண்டரைக் கரண்டியால் தட்ட வேண்டும். திசையைக் கையால் காட்டச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பக்கம் காட்டுவார்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும், தண்ணீரில் 1,480 மீட்டர். இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடுவதால் மூளைக்குத் திசை பிடிபடுவதில்லை.

மூச்சுக் கணக்கு. கரைக்குழு நேரம் குறிக்க, நீர்க்குழு அழுத்தமானியைப் பார்த்து வர வேண்டும். பத்து நிமிடத்தில் 20 பார் இறங்கினால் 220 லிட்டர்; நிமிடத்துக்கு 22. இரண்டு மீட்டர் ஆழத்தின் கூடுதல் அழுத்தத்துக்காக 1.2-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18. முதல் வாரத்து எண்ணையும் நான்காம் வாரத்து எண்ணையும் வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். பயம் குறைவது லிட்டரில் தெரியும். யார் குறைவு என்று போட்டி வைக்காதீர்கள். வைத்தால் மூச்சை அடக்கத் தொடங்கிவிடுவார்கள், அது எங்கே கொண்டுவிடும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

8. கடல், முடிந்தால்

குளத்தில் குறைந்தது ஆறு முறை இறங்கியவர்கள் மட்டும். ராமேசுவரம், புதுச்சேரி, சென்னைக் கோவளம் பக்கம் டைவிங் மையங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. கடலில் ஒரு பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர். ஐந்தாறு மீட்டர் ஆழம் தாராளம்.

கொண்டுபோக வேண்டிய ஒரே கருவி, பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட்டில் ஏழு நிறத் துண்டுகளைத் தைத்த பலகை. கீழே போகப் போகச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். டார்ச் அடித்தால் திரும்பி வரும். அந்தத் துணியைத் தைத்த அம்மாவின் மகள் அதைப் பார்ப்பது தனி விஷயம்.

இறங்கும் முன் ஒரு கணக்கு: கருவிகளோடு 55 லிட்டர் தண்ணீரை இடம்பெயர்க்கும் பிள்ளைக்கு, கடல்நீர் 2.5 சதவீதம் கனமானது என்பதால், மிதக்காமல் மூழ்க இடுப்பு பெல்ட்டில் கட்டும் ஈயம் குளத்தைவிடக் கூடுதலாக எத்தனை கிலோ வேண்டும்? 1.4 கிலோ என்று சொல்லத் தெரிந்தவர் தம் பெல்ட்டைத் தாமே கட்டலாம், பயிற்றுநர் சரிபார்ப்பார்.

பயண ஏற்பாட்டாளர்கள் செய்யும் தவறு ஒன்று: "திரும்பும் வழியில் கொடைக்கானலையும் காட்டிவிடலாம்." கூடாது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். மலையேறினால் வெளி அழுத்தம் குறைந்து, சோடா மூடியைத் திறந்தது போலக் குமிழியாகலாம். மூழ்கியபின் விமானம் ஏறக் காத்திருக்கும் விதியையே மலைக்கும் வையுங்கள்: ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கினால் குறைந்தது 18 மணி நேரம். ஊட்டிக்கும் அதே விதி. கோவைக்கு நேராகத் திரும்புவதில் தடையில்லை.

9. திரும்பி வந்த வாரம்

நோட்டுகளைத் திறந்து, ஊகம் ஒரு பக்கம், அளந்தது ஒரு பக்கம் என்று கரும்பலகையில் எழுதுங்கள். இப்போதுதான் பாடப்புத்தகம் மேசைக்கு வர வேண்டும். பாய்மங்கள் பாடத்தை வாசிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் யாராவது ஒருவர் கை தூக்குவார். நீந்தாத கரைக்குழுப் பிள்ளைகளிடம்தான் எண்கள் எல்லாம் இருக்கும், அவர்களையே பலகைக்கு அழையுங்கள்.

அடுத்த தொகுதிக்குப் பாட்டில் சோதனையை இந்தத் தொகுதியே நடத்தட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். விடையை முன்கூட்டியே உளறிவிடக்கூடாது என்று மட்டும் அவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.